வாழையிலைக்குப் பாவு இல்லை

போன மாதம் ரேவதி போன் செய்தாள். என்னிடம் படித்தவள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே பள்ளியில், அதே பாடத்தை இன்று அவள் நடத்துகிறாள். எடுத்த எடுப்பிலேயே, "டீச்சர், நாம ஏமாந்துட்டோம்" என்றாள்.

யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துபோனேன்.

"பூக்குற செடியெல்லாம் ரெண்டே பிரிவு, ஒருவித்திலை, இருவித்திலைன்னு சொல்லிக் குடுத்தீங்க இல்ல? இப்ப அப்படி ரெண்டா கட்ட முடியாதாம். ஒருவித்திலை அப்படியேதான் இருக்குது. இருவித்திலைதான் ஒரே குடும்பம் இல்லையாம். சில பழைய கிளைங்க தனியா பிரிஞ்சு நிக்குதாம். பயிற்சி வகுப்புல சொன்னாங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேலையில் இருந்த காலமெல்லாம் தப்பாகவா சொல்லிக்கொடுத்தேன்? எத்தனை பெண்கள்! எல்லோருக்கும் ஆள் அனுப்பித் திருத்தச் சொல்ல முடியுமா? பிறகு சமையலறைக்குப் போய், ஊறவைத்திருந்த மொச்சையில் ஒன்றை எடுத்துப் பிதுக்கிப் பார்த்தேன். இரண்டு பருப்பாகத்தான் பிரிந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

மறுநாள் ரேவதி மறுபடியும் கூப்பிட்டாள். "அந்த இன்ஸ்பெக்ஷன் கதைய எழுதிக் குடுங்க டீச்சர். ஸ்டாஃப் ரூம்ல நான் சொன்னா யாரும் நம்ப மாட்றாங்க." அவளுக்காகத்தான் எழுதுகிறேன். சரியாக நினைவிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியிலும் எனக்குச் சந்தேகம் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் தாவரவியல் படித்தது சென்னையில், ஆங்கிலத்தில். ஆசிரியப் பயிற்சியும் அங்கேதான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தபோது, பாடம் முழுக்கத் தமிழில் நடத்த வேண்டும் என்றார்கள். 'மானோகாட்டிலிடன்' என்று மனப்பாடம் செய்திருந்தவள், 'ஒருவித்திலைத் தாவரம்' என்று புதிதாக மனப்பாடம் செய்தேன். இலையில் நரம்புகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நேராக ஓடினால் 'இணைப்போக்கு நரம்பமைவு'. வலைபோல் பின்னிக் கிடந்தால் 'வலைப்பின்னல் நரம்பமைவு'. முதல் வகுப்புக்கு முந்தின மாலை இதை என் கணவரிடம் ஒப்பித்துப் பார்த்தேன். "இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சுடும்" என்றார்.

அவருக்கு வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் வேலை. அவர் வீட்டாரும் அங்கேதான். என் வேலைக்காகவே காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்து, அவர் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு மகள் பிறந்தாள். பிரசவ விடுப்பு முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பியபோது வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாகாவிட்டால் வீட்டைக் காலிசெய்துவிட்டு வாலாஜாபாத்துக்குப் போவது என்று பேசி முடித்திருந்தோம். அங்கே யாரும் என்னைக் கொடுமைப்படுத்தப் போவதில்லை. ஆனால் அங்கே கரும்பலகை இல்லை. அவ்வளவுதான் என் கவலை.

முடிவு தலைமையாசிரியையின் கையில் இருந்தது. பெரிய டீச்சர் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வோம். வெள்ளைக் கைத்தறிப் புடவை, மெல்லிய கறுப்புக் கரை. வகுப்புக்கு வரும்போது செருப்பைத் தாழ்வாரத்திலேயே விட்டுவிட்டு வருவார். ஆகையால் அவர் வருவது யாருக்கும் கேட்காது. பாடம் நடத்திக்கொண்டே திரும்பினால் வாசற்படியில் நிற்பார். திட்டியதே இல்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. நாம் ஏதாவது சொல்லி முடித்ததும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்து, "அப்படியா?" என்பார். அந்த ஒரு சொல்லோடு சரி. நாம் சொன்னது சரியாகவே இருந்தாலும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதுகூட அது காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

விடுப்பு முடிந்து சேர்ந்த அன்று, "குழந்தைய வச்சுக்கினு முடியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"முடியும்மா."

"அப்படியா? சரி, இன்ஸ்பெக்ஷன் முடியட்டும். அப்புறம் பேசலாம்."

பத்தாம் வகுப்பில் அந்த வருஷம் பாதிக்குமேல் தறி ஓடுகிற வீட்டுப் பெண்கள். பாடத்தை விதையிலிருந்து ஆரம்பித்தேன். அவரை, புளியங்கொட்டை, சோளம், நெல் எல்லாவற்றையும் ஈரத்துணியில் முடிந்து வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். முளைவிட்ட அவரையை நகத்தால் கீறினால் இரண்டாகத் திறக்கும். உள்ளே குருத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு பாதியும்தான் வித்திலைகள். சோளத்தை என்ன செய்தாலும் திறக்காது. "உடைச்சா பருப்பு ஆகுறதெல்லாம் இருவித்திலை. மாவு மட்டும் ஆகுறது ஒருவித்திலை. அப்படித்தானே டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். உளுந்து, துவரை, கடலை ஒரு பக்கம். நெல், கேழ்வரகு, கம்பு இன்னொரு பக்கம். இதற்கு எதிராக ஏதாவது விதை இருக்குமோ என்று அன்று மாலை வீட்டு டப்பாக்களை எல்லாம் திறந்து பார்த்தேன். நான் பார்த்தவரை இல்லை.

அடுத்தது இலை. சோளத்தின் தோகையையும் பூவரச இலையையும் கையில் கொடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கஸ்தூரி என்று ஒரு பெண். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அப்பாவுக்கு இரண்டு தறி. சோளத்தோகையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"டீச்சர், இதுல பாவு மட்டும்தான் இருக்குது. ஊடை ஓட்டவே இல்ல."

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் இழை பாவு. குறுக்கே ஓட்டுகிற இழை ஊடை. பூவரச இலையில் இரண்டும் இருந்தன. வகுப்பு முழுக்கச் சட்டென்று புரிந்துபோயிற்று. நான் 'இணைப்போக்கு' என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்பெஞ்சுவரை பாவு, ஊடை என்று பரவிவிட்டது.

"அப்ப வாழையிலை?" என்றாள் பக்கத்திலிருந்தவள். "அது ஒருவித்திலைன்னு புக்குல போட்டிருக்குது. ஆனா கோடெல்லாம் குறுக்கால இல்ல போவுது?"

கஸ்தூரி யோசிக்கவே இல்லை. "வாழையிலைக்குப் பாவு இல்லடி. வெறும் ஊடை. அதான் காத்தடிச்சா டர்ருனு கிழியுது. பாவு இருந்தா கிழியுமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நடு நரம்பிலிருந்து ஓரத்துக்கு ஒன்றையொன்று ஒட்டி ஓடும் கோடுகள். பிடித்து நிறுத்தக் கண்ணுக்குத் தெரிகிற நீளவாக்கு இழை இல்லை. கல்லூரியில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. சிரித்து முடித்துத் திரும்பினால் வாசற்படியில் பெரிய டீச்சர்.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பரீட்சைப் பேப்பரை எந்த ஊர்ல யார் திருத்துவாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதும்மா."

"அவங்களுக்குப் பாவு தெரியுமா? ஊடை தெரியுமா? இவளுங்க அதையே எழுதி வச்சா முட்டை போட்டு அனுப்புவாங்க. தறி வார்த்தை தறியோட நிக்கணும். வகுப்புல புஸ்தக வார்த்தைதான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மறுநாளிலிருந்து 'இணைப்போக்கு' என்று எல்லோரையும் சேர்ந்து சொல்லவைத்தேன். சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் தடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது பாடம் தண்டு. தண்டின் உள்ளே தண்ணீர் ஏறும் குழாய்கள் கட்டுக்கட்டாக இருக்கும். ஒருவித்திலையில் அந்தக் கட்டுகள் உள்ளெங்கும் சிதறிக் கிடக்கும். இருவித்திலையில் ஓரமாக ஒரு வளையம்போல நிற்கும். இதைக் காட்டச் சாயம் வேண்டும். பள்ளியில் இருந்த சாயப் புட்டி எப்போதோ காய்ந்து கல்லாகியிருந்தது. என் பக்கத்து வீடு மும்தாஜ் அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். நான் பள்ளிக்குப் போகும்போது குழந்தையை அக்காதான் பார்த்துக்கொள்வார். "செடிக்குச் சாயமா? முந்தானைக்கு மேட்சா போடட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு சிட்டிகை சிவப்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். தண்ணீரில் கலந்து சோளத்தட்டையையும் காசித்தும்பையையும் நிறுத்தி வைத்தேன். வெயில் படும் ஜன்னலில் வைத்தால் சாயம் சீக்கிரம் ஏறும். பிறகு பிளேடால் குறுக்கே வெட்டினால், சோளத்தில் சிவப்புப் புள்ளிகள் எங்கும் சிதறித் தெரிந்தன. காசித்தும்பையில் புள்ளிகள் வட்டமாக நின்றன.

அதையேதான் இன்ஸ்பெக்ஷனுக்கும் காட்டுவதாக இருந்தேன். அன்று காலை குழந்தைக்கு உடம்பு சுடுகிறதா என்று மூன்று தரம் தொட்டுப் பார்த்தேன். பால், துணி, கிலுகிலுப்பை எல்லாம் எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து மறுபடியும் சொன்னேன். "போ மா, உம் பொண்ண நான் ஒண்ணும் சந்தைக்கு இட்டுக்கினு போயிட மாட்டேன்" என்றார் அக்கா. இத்தனையும் சரிபார்த்தவள், இதற்கென்று அக்கா புதிதாக மடித்துக் கொடுத்த சாயப் பொட்டலத்தை அவர் வீட்டு ஜன்னலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நல்ல உயரம், கலகலப்பான குரல். பெரிய டீச்சர் ஓர் அடி பின்னால் நிற்க, அவர் நேராகப் பெஞ்சுக்கு நடுவில் வந்து, மேஜைமேல் இருந்த சோளத்தோகையை எடுத்துக் கஸ்தூரியிடம் நீட்டினார்.

"இது எந்தப் பிரிவு?"

"ஒருவித்திலை மேடம்."

"எப்படித் தெரியும்?"

கஸ்தூரியின் உதடு 'இணை' என்று அசைவதை நான் பார்த்தேன். அதற்குள் வாய் முந்திக்கொண்டது. "பாவு மட்டும்தான் இருக்குது மேடம்."

"பாவாவா? எந்தப் பாவா?"

அவ்வளவுதான். தெலுங்கு வீடுகளில் பாவா என்றால் கட்டிக்கொள்ளப்போகிற முறைப்பையன். முன்பெஞ்சில் ஒருத்தி தாவணித் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். "கஸ்தூரிக்கு ரெண்டு பாவா இருக்காங்க மேடம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நான் பெரிய டீச்சரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

கஸ்தூரி முகம் சிவக்க, கைவிரல்களை நீளமாக விரித்துப் பாவு என்றும், குறுக்கே மறுகையை ஓட்டி ஊடை என்றும் காட்டினாள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கேட்டுக்கொண்டார். வெளியே குழாயடிக்குப் போனார். சாக்கடை ஓரத்தில் சேப்பங்கிழங்குச் செடி புதராக வளர்ந்திருந்தது. காம்போடு ஓர் இலையை ஒடித்துக்கொண்டு வந்தார்.

"இதுல ஊடை இருக்குதா?"

வெளிச்சத்தில் பிடித்தால் வலைபோலப் பின்னல் நன்றாகத் தெரிந்தது. "இருக்குது மேடம்" என்றார்கள் எல்லோரும்.

"அப்போ இருவித்திலையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும், சேம்பு ஒருவித்திலை. கல்லூரியில் படித்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அதுவும் சந்தேகமாகிவிட்டது. "ஒருவித்திலைதான் மேடம். புத்தகத்தில்..." என்று ஆரம்பித்தேன்.

"புத்தகத்தை விடுங்க. இவங்களுக்குக் காட்டுங்க."

எதை வைத்துக் காட்டுவது? விதையை உடைக்கலாம் என்றால், கிழங்கை நட்டு வளர்க்கிற செடிக்கு விதையை யார் பார்த்தார்கள்? பூவில் இதழை எண்ணலாம் என்றால், எங்கள் குழாயடியில் அது பூத்ததே இல்லை. இலையோ எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது.

கஸ்தூரிதான் பேசினாள். "மேடம், முந்தானைய மட்டும் பாத்துட்டுப் பொடவை இன்னதுன்னு சொல்லிட முடியுமா? உடம்பையும் பிரிச்சுப் பாக்கணும் இல்ல?"

"அப்ப பிரிச்சுக் காட்டு" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா. கோபம் இல்லை. அவருக்கே ஆவல் வந்துவிட்டது.

செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தோம். வேர் நெல்லுக்கு இருப்பதுபோலக் கொத்தாக இருந்தது. நடுவே ஆணிவேர் இல்லை. கிழங்கிலிருந்து முளைத்த செடிக்கு ஆணிவேர் எங்கிருந்து வரும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? ஆகையால் வேர் போதாது. காம்பை வெட்டிக் காட்ட வேண்டும். தண்டு என்று இதற்கு மண்ணுக்குள் இருக்கிற கிழங்குதான். இலைக்காம்பை வேறு செடியின் தண்டோடு ஒப்பிட்டால் நியாயம் ஆகாது. காம்புக்குக் காம்புதான் வைக்க வேண்டும். மதில்மேல் பரங்கிக்கொடி படர்ந்திருந்தது. அதிலிருந்து ஓர் இலைக்காம்பைப் பறித்துவரச் சொன்னேன். இரண்டையும் சாயத்தில் நிறுத்தினால் போதும். சாயத்துக்காகப் பையில் கைவிட்டேன். பையில் சாயம் இல்லை.

பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். மகளின் ஒரு காலுறை விழுந்தது. பெரிய டீச்சர் அதைக் குனிந்து பார்த்தார்.

அப்போது தாழ்வாரத்திலிருந்து, "வசந்தா! மறந்துட்டுப் போயிட்டியே மா!" என்ற குரல். மும்தாஜ் அக்கா! இடுப்பில் என் மகள், கையில் பொட்டலம். வழியில் குழந்தை அதைப் பிடுங்கியிருக்கிறாள். எச்சில் பட்ட காகிதம் கிழிந்து, அவள் உள்ளங்கை ரத்தச் சிவப்பு.

"வாயில வச்சிட்டாளா அக்கா?"

"வைக்கல மா. கைய புடிச்சிக்கினேதான் வந்தேன். நீ பொட்டலத்த வாங்கு."

பள்ளிக்குள் கைக்குழந்தை வரக் கூடாது என்பது பெரிய டீச்சரின் சட்டம். என் கையில் பிளேடு. அக்கா வாசற்படி தாண்டத் தயங்கினார். குழந்தை என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவினாள். தாவினவளைப் பிடித்தது வாசலை ஒட்டி நின்ற பெரிய டீச்சர். என் மகள் அவர் தோளைப் பற்றிக்கொண்டாள். சிவப்புக் கையால்.

வெள்ளைப் புடவை.

நான் வாலாஜாபாத் வீட்டில் சாமான்களை எங்கே எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். "நீங்க வேலையப் பாருங்க" என்றார் பெரிய டீச்சர்.

இரண்டு காம்பையும் சாயத்தண்ணீரில் நிறுத்தி ஜன்னலில் வைத்தோம். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா போய் டீ குடித்துவிட்டு வந்தார். பரங்கியை முதலில் வெட்டினேன். நடுவில் ஓட்டை, அதைச் சுற்றி வட்டமாகச் சிவப்புப் புள்ளிகள். சேம்பை நானே வெட்டுகிறேன் என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பிளேடை வாங்கிக்கொண்டார். ஒரே வீச்சு. சாறு விரலில் வழிந்தது. வெட்டுமுகத்தை எல்லோருக்கும் தெரிகிறமாதிரி உயர்த்திப் பிடித்தார்.

உள்ளெங்கும் சிவப்புப் பொட்டுகள். வட்டம் இல்லை, வரிசை இல்லை, ஓரம் நடு என்ற பேதம் இல்லை.

"அட, புட்டா!"

புடவையின் உடலெங்கும் நெய்கிற சின்னச் சின்னப் பூப்பொட்டைத்தான் புட்டா என்பார்கள். சொன்னது கஸ்தூரி இல்லை. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்த பெரிய டீச்சர்.

அவருக்கே ஒரு கணம் திகைப்பு. பிறகு மறைக்கத் தோன்றாமல், இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவிடம் அந்தக் காம்பைச் சுட்டிக்காட்டினார். "பாருங்க மேடம், இது உடம்பு பூரா புட்டா. அது," என்று பரங்கியைக் காட்டி, "கரையில மட்டும் வேலை. நடுவுல வெறும் உடம்பு. எங்க அப்பா தறியில ரெண்டும் ஓடும்."

அவர் பிறந்த வீட்டில் தறி இருந்தது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

"அப்போ இலையில ஊடை இருந்தும் இது ஒருவித்திலைதான்" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா. சொல்லிக்கொண்டே விரலைச் சொறிந்தார். மணிக்கட்டைச் சொறிந்தார். சேம்புச் சாறு வேலையைக் காட்டிவிட்டது. "என்னங்க இது, இப்படி அரிக்குது!" அக்கா தாழ்வாரத்திலிருந்தே, "புளி தேய்க்கணும்! புளி இருந்தா எடுத்தாங்கடி!" என்று அதட்ட, நாலு பெண்கள் பள்ளிச் சமையலறைக்கு ஓடினார்கள். புளித்தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டே இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்புவரை கேட்டது. போகும்போது கஸ்தூரியிடம் மட்டும், "எந்தப் பாவாவைக் கட்டிக்கிட்டாலும் படிப்ப விட்டுடாதே" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம். குழாயடியில் பெரிய டீச்சர் தோளை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் கழற்றிப் போட்ட செருப்போடு விளையாடிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன்.

"மன்னிச்சுக்குங்கம்மா. புடவைய குடுங்க, நான் எடுத்துட்டுப் போய்த் துவைச்சு..."

"எதுக்கு? ஒத்தைப் புட்டா. நல்லாத்தான் இருக்குது."

அஞ்சு விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். 'அப்படியா' வரப்போகிறது என்று நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். ஆனால் நான்தான் ஒன்றும் சொல்லவில்லையே, எதற்கு 'அப்படியா' வரும்?

"ஒரு தடவ பாவு ஏத்திட்டா, அது முடியிற வரைக்கும் தறியிலேர்ந்து எறக்க மாட்டாங்க. தெரியுமா உங்களுக்கு?"

"கஸ்தூரி சொல்லியிருக்காம்மா."

"உங்களுக்குப் பாவு ஏத்தியாச்சு, வசந்தா. நான் எறக்குறதா இல்ல. ஜூன்லயும் பத்தாவது உங்களுக்குத்தான்."

எனக்குப் புரிந்தது. புரிந்தும், சரியாகத்தான் புரிந்ததா என்று சந்தேகம். நன்றி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"அப்படியா?" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார் பெரிய டீச்சர். பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எதற்கென்று தெரியாமலே என் மகளும் சிரித்துக்கொண்டு, சிவந்த கையை மறுபடியும் அவர் தோளுக்கு நீட்டினாள்.